முப்பத்தொன்றும் பூஜ்யமும்

ருக்குவுக்கு முப்பத்தொன்று வந்தது. கஸ்தூரிரங்கனுக்குப் பூஜ்யம்.

அவளை மனநல ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தவர் அவர்தான். குழந்தை போனதிலிருந்து அவள் அடுப்படியில் நின்று அழுதுகொண்டே இருந்தாள். வந்த இடத்தில், புருஷன் பெண்டாட்டி இருவரும் ஃபாரம் நிரப்ப வேண்டும் என்றார்கள். தூக்கம் கெட்டதா, அழுகை வருகிறதா என்று பத்துக் கேள்விகள். துளியும் இல்லையென்றால் பூஜ்யம். தாங்க முடியவில்லையென்றால் நாலு.

கூட்டிப் பார்த்த குமாஸ்தா ஆம்ப்ரோஸ் உதட்டைப் பிதுக்கினார்.

"ஆம்பளைங்க எல்லாம் முட்டைதான் சார் போடறாங்க. பொம்பளைங்கதான் வாரி வழங்கறாங்க. இருபதைத் தாண்டினா சாதாரணமா அட்மிஷன்தான்."

கஸ்தூரிரங்கன் அட்டாரா கச்சேரி என்ற சர்க்கார் ஆபீஸில் இருபது வருஷம் ஃபாரங்களோடு குடித்தனம் நடத்தியவர். தப்பாக நிரப்பிய ஃபாரத்துக்குப் புது ஃபாரம்தான் மருந்து என்பது அவர் அனுபவம்.

"அவளுக்குக் கேள்வி புரியலை. வேற ஒண்ணு கொடுங்கோ."

வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, இந்த முறை பேனாவை அவரே பிடித்துக்கொண்டார்.

"தூக்கம் கொஞ்சம் கம்மி. ஒண்ணு போடட்டுமா?"

"துளிக்கூட இல்லை. நீங்க கூடத்துல நடக்கறதுதான் காதுல விழறது."

"அது வெக்கை."

"மார்கழியிலயா?"

நாலு போட்டார்.

"பசி?"

"ரசம்னு நினைச்சு வெந்நீரைச் சாதத்துல விட்டுண்டு சாப்பிட்டேளே, அன்னிலேர்ந்து எனக்கு எதுவும் இறங்கலை."

"உன்னைக் கேட்டா உன்னைப் பத்திச் சொல்லு!"

புது ஃபாரத்தில் முப்பத்தாறு வந்தது.

நேரே டாக்டரிடம் போய் நின்றார்.

"பொம்மனாட்டிகள் எதையும் கூட்டித்தான் போடுவா, டாக்டர். பாதியைக் கழிச்சுக்கோங்கோ."

"ஆண்கள்?"

"உள்ளதை உள்ளபடி."

டாக்டர் அவருடைய ஃபாரத்தை எடுத்து ஒவ்வொரு பூஜ்யமாகப் பார்த்தார். "குழந்தை இறந்து எத்தனை நாளாச்சு?"

"நாற்பத்திமூணு. சாயங்காலம் அஞ்சே காலுக்கு நாற்பத்திநாலு."

ஆபீஸில் கோப்பு எண் சொல்வதுபோல, குரல் கம்மாமல் சொன்னார். டாக்டர் ஒரு சீட்டில் எழுதி மணியை அடித்தார். தலைகீழாகத் தெரிந்த எழுத்தில் 'அட்மிஷன்' என்ற வார்த்தையை மட்டும் கஸ்தூரிரங்கன் படித்துவிட்டார்.

கால் மணி நேரத்தில் வார்டு ஆள் முனிகிருஷ்ணன் கம்பளியும் அலுமினியத் தட்டுமாக வந்தான்.

நாலு பேர் பார்க்கும் இடத்தில் கஸ்தூரிரங்கன் முதல் தடவையாக மனைவியின் கையைப் பிடித்தார். "பயப்படாதே ருக்கு. ஞாயித்துக்கிழமை தவறாம வந்துடறேன். ஆத்தை நான் பார்த்துக்கறேன்."

ருக்கு அழுதாள். அவர் அழவில்லை. கம்பளியை வாங்கி அவள் தோளில் போர்த்தப் போனார்.

முனிகிருஷ்ணன் தயங்கினான்.

"அம்மாவை வீட்டுக்கு அனுப்பச் சொன்னாங்க சாமி. வார்டுல கட்டில் உங்களுக்குத்தான்."