டெட்ராய்ட் தோற்ற செவ்வாய்க்கிழமை

இந்த ஆடியில் கமலவேணி திருமானூர் பஸ்ஸில் ஏறக் கூடாது என்று கொளஞ்சியப்பன் முடிவு செய்தார். கலிங்கத்தில் அசோகருக்குப் பிறகு இத்தனை உறுதியான முடிவை எவரும் எடுத்ததில்லை. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை என்பது ஒன்றுதான் குறை.

கொளஞ்சியப்பன் அரியலூரில் நூலகர். கலைக்களஞ்சியத்தைக் கடைசித் தொகுதி வரை படித்தவர். கல்யாணமாகிப் பதினாலு வருஷம். பதினெட்டாம் பெருக்குக்குக் கொள்ளிடத்தில் தாலிக்கயிறு மாற்ற வேண்டும் என்று ஆடிதோறும் அம்மா வீட்டுக்குப் போகிற கமலவேணி, பத்து நாள் கழித்துத்தான் திரும்புவாள். சோற்றுக்குக் கவலையில்லை, எதிர்வீட்டுப் பாப்பாத்தி குழம்பு கொடுத்துவிடுவாள். வீட்டின் அமைதிதான் தாங்காது. போன வருஷம் நாலாம் நாள், பல்லி கத்தியதற்கு "என்ன?" என்று கேட்டுவிட்டார். இதையெல்லாம் பெண்டாட்டியிடம் சொல்ல முடியுமா? போகாதே என்றால் ஏன் என்பாள்.

செவ்வாய்க்கிழமை காலை, அமெரிக்க வானொலி வழிகாட்டியது. கரகரப்புக்கு நடுவே பேஸ்பால் ஆட்ட முடிவு: பாஸ்டன் ஐந்து, டெட்ராய்ட் இரண்டு. டெட்ராய்ட்டில்தான் கமலவேணியின் அண்ணன் ராசாங்கம் கார் கம்பெனியில் இருக்கிறார். மாதம் ஒரு நீலக் கடிதம்; அதில் பாதி அந்த ஊர் அணியின் புகழ்.

கொளஞ்சியப்பன் வானொலியை அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

"கமலம், ஒரு பந்தயம். பேஸ்பால்."

"அது என்னங்க?"

"கிட்டிப்புள்ளுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. பாஸ்டனும் டெட்ராய்ட்டும் ஆடுறாங்க. முடிவு நாளன்னிக்கு பேப்பர்ல வரும். நீ சொல்ற பக்கம் ஜெயிச்சா திருமானூர் போ. தோத்தா இங்கயே இருந்துடணும்."

"எந்தப் பக்கம் சொல்லட்டும்?"

"இதுல என்ன யோசனை? டெட்ராய்ட்டு. ஒன் அண்ணன் ஊரு."

"அப்படிங்களா?"

"பின்னே? ராசாங்கம் மச்சான் மாதிரி தங்கமான மனுசன் இருக்குற ஊரு தோக்குமா?"

கமலவேணி முறத்தைக் கீழே வைத்தாள். அவரை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

"எனக்கு பாஸ்டன்."

"அடிப்பாவி! கூடப்பொறந்தவர் ஊர விட்டுட்டா?"

"டெட்ராய்ட்ட நீங்களே வச்சிக்குங்க. நான் துணிமணி எடுத்து வைக்கிறேன்."

"முடிவே இன்னும் வரலியே!"

"வந்துடுச்சுங்க. பதினாலு வருஷத்துல எங்க அண்ணன நீங்க தங்கம்னு சொல்லி இன்னிக்குத்தான் கேக்குறேன். ஒங்களுக்கு விடியறப்ப எங்களுக்கு ராத்திரி, ஆட்டம் முடியற நேரம்னு அண்ணன் எப்பவோ கடுதாசியில எழுதிடுச்சு. காலையில ரேடியோப் பெட்டியில காத வச்சிக்கிட்டு கெடந்தீங்களே, எதுக்காம்?"

கொளஞ்சியப்பன் கலைக்களஞ்சியத்தின் எல்லாத் தொகுதிகளையும் மனசுக்குள் புரட்டினார்.

"நான் போகக் கூடாதுன்னா வாயத் தொறந்து சொல்லுங்களேன். அதுக்கு அமெரிக்கா வரைக்குமா போவணும்?"

"சொன்னா ஏன்னு கேப்பியே."

"ஏன்?"

கொளஞ்சியப்பன் அம்மிக்கல்லைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீ இல்லன்னா வூடு வூடு மாதிரி இல்ல, கமலம்."

கமலவேணி முறத்தை எடுத்துக்கொண்டாள். அரிசியில் கல்லே இல்லை. ஆனாலும் வெகுநேரம் குனிந்து தேடினாள்.

"எனக்கு மட்டும் திருமானூரு ஊரு மாதிரியா இருக்கு?" என்றாள் அரிசியிடம். "இனிமே நான் தனியா போகல."

"நெசமாவா?"

"நெசமாத்தான். ஒங்க வேட்டி நாலும் நேத்தே பெட்டிக்குள்ள போயாச்சு. லீவு லெட்டர்ல நீங்க கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி."

"மாமனார் வூட்டுல பத்து நாளா? என் மருவாதி என்னாவுறது?"

"பந்தயத்துல தோத்தவங்களுக்கு என்னங்க மருவாதி?"

பதினெட்டாம் பெருக்கன்று கொள்ளிடக்கரையில், மாமியாரும் மூன்று மைத்துனிகளும் ஒன்பது பிள்ளைகளும் சூழ, புளிசாத அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு கொளஞ்சியப்பன் நின்றார். பத்து நாளில் அது இரண்டாம் நாள்தான்.