நாட்டைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை

அந்த நாளில் ரங்கூனின் பசுந்தாங் பேட்டையில் குழாய்த் தண்ணீரைவிடச் சந்தேகம் தாராளமாகக் கிடைத்தது. டீக்கடையில் ஒருவன் தனியாக உட்கார்ந்திருந்தால் அவன் வேவுகாரன். கூட்டமாக உட்கார்ந்திருந்தால் அதில் ஒருவன் வேவுகாரன். சந்தேகப்படுவதில் எங்கள் தெருவிலேயே நான்தான் முதல். (வாசலில் ஒரு பூனை அதிக நேரம் உட்கார்ந்தால் அதையும் ஒரு மாதிரியாகப் பார்ப்பேன்.)

பயப்படக் காரணமும் இருந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அம்மா கப்பலேறித் தஞ்சாவூர்ப் பக்கம் போய் என்னைப் பெற்று, கைக்குழந்தையாக ரங்கூனுக்குத் தூக்கி வந்தாள். தம்பி இங்கேயே பிறந்தான். அவனுக்குக் குடியுரிமை அட்டை. எனக்கு, வெளிநாட்டுக்காரன் என்று சொல்லும் எஃப்.ஆர்.சி. சீட்டு. பக்கத்து ஊருக்கு ரயிலேற வேண்டுமென்றாலும் அனுமதி கேட்க வேண்டும். எனக்கு வந்த வரன்கள் எல்லாம், "பையனுக்கு அட்டை இருக்கா?" என்று கேட்டுவிட்டு வந்த வழியே திரும்பிப் போயின. எனக்கு இருபத்தெட்டு வயது. அட்டை இல்லாவிட்டால் கல்யாணமே இல்லை என்று முடிவுக்கு வந்திருந்தேன்.

அப்போதுதான் ஒர்க்‌ஷாப்பில் என்னோடு வேலை பார்த்த கோ தான் என்ற பர்மியன் காதருகே வந்து சொன்னான்: "பட்டாளத்துல சேந்துடு. கொஞ்ச வருஷம் இருந்தா அட்டை தானா வரும்." எல்லோரையும் சந்தேகப்படும் நான் இதை மட்டும் அப்படியே நம்பினேன். மறுநாளே ஆள் எடுக்கும் இடத்துக்குப் போனேன். சார்ஜென்ட் என் மார்பை அளந்தார். நாடா தவறோ என்று மறுபடியும் அளந்தார். "அடுத்த வாரம் காகிதமெல்லாம் எடுத்துக்கிட்டு வா" என்றார்.

'அடுத்த வாரம்' எதற்கு என்று எனக்கா தெரியாது? அதற்குள் என்னைப் பற்றி ரகசியமாக விசாரிப்பார்கள்.

எதிர்பார்த்தபடியே ஆள் வந்துவிட்டார். எங்கள் வீட்டுக்கு எதிர் டீக்கடையில், மரப்பிடி வைத்த கறுப்புக் குடையோடு ஒரு பெரியவர். நான் ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் எதிர் நடைபாதையில் குடை வந்தது. சந்தைக்குப் போனால் கருவாட்டுக் கடைக்குப் பின்னால் குடை நின்றது. பக்கத்து வீட்டில் என்னைப் பற்றி விசாரித்ததாகவும் செய்தி வந்தது.

உடனே தேசபக்தனாகிவிட்டேன். தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டேன். தமிழில் கூப்பிட்ட தம்பிக்குப் பர்மிய மொழியில் பதில் சொன்னேன். அம்மா சுட்ட இட்லியைத் தள்ளிவிட்டு, குடைக்காரர் கண்ணில் படும்படி தெருவில் நின்று இரண்டு கிண்ணம் பர்மிய மீன்சாற்று மொஹிங்கா சாப்பிட்டேன். "உனக்கு ஏதாவது காத்துக் கருப்பு அடிச்சிருக்காடா?" என்று அம்மா திருநீறு பூச வந்தாள். நெற்றியில் அடையாளம் விழுந்துவிடப் போகிறதே என்று ஓடினேன்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில் பெரியவர் என் மேசைக்கே வந்து உட்கார்ந்தார்.

"தம்பி நம்மாளுதானே?" என்றார், சுத்தமான தமிழில். தமிழ் பேசும் வேவுகாரனையே அனுப்பியிருக்கிறார்கள் என்றால் என் விஷயம் மேலிடம்வரை போயிருக்க வேண்டும்.

"நான் இந்த நாட்டு ஆளு, ஐயா."

"சந்தோஷம். சொந்தபந்தமெல்லாம் எங்க இருக்காங்க?"

"எனக்குச் சொந்தபந்தமே கெடையாது."

அவர் டீயைக் கீழே வைத்தார். "கோயில் கொளம் போற பழக்கம்?"

"அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன்."

"தண்ணி கிண்ணி போடுவீங்களா?"

"மேலிடத்துல உத்தரவு போட்டா போடுவேன்."

பெரியவர் முகம் வெளுத்தது. எனக்கோ, தேர்வில் வெளுத்து வாங்குகிறோம் என்ற பூரிப்பு. "சரி தம்பி, கல்யாணம் காட்சின்னு ஏதாவது எண்ணம்..."

"நான் நாட்டைக் கட்டிக்கிட்டேன் ஐயா!"

"அப்ப அம்மாவ?"

"தம்பி பாத்துக்குவான். எல்லைக்குப் போற ஆளு நான். உசிரோட திரும்புவனோ என்னவோ!"

பெரியவர் எழுந்தார். இரண்டு டீக்கும் அவரே காசு வைத்துவிட்டு, கொட்டுகிற மழையில் தெருவைக் கடந்து போயே போய்விட்டார். குடை மேசையில் சாய்ந்தபடி இருந்தது. இது கடைசிச் சோதனை, நேர்மைக்கு வைத்த பரீட்சை என்று தோன்றியது.

வாரம் முடிந்ததும் குடையோடு போய் சார்ஜென்ட்டுக்கு ஒரு சல்யூட் வைத்தேன். "சயா," என்று பர்மிய மரியாதையோடு தொடங்கினேன். "உங்க ஆளு விட்டுட்டுப் போன குடை."

"என் ஆளா? எந்த ஆளு?" அவர் குடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அது கெடக்கட்டும். குடியுரிமை அட்டைய எடு."

"அட்டை வாங்கத்தானே சயா சேரவே வந்தேன்?"

"அட்டை இருந்தாத்தானே உன்னைச் சேக்கவே முடியும்?"

அவர் திட்டியிருந்தாலும் பரவாயில்லை. எழுந்து வாசல்வரை வந்து, "மழை வருது, குடையை விரிச்சுக்கோ" என்றார். வழியெல்லாம் அழுகை முட்டியது.

வீட்டில் அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். "பாவி, பெகுவிலேர்ந்து பொண்ணோட தாய்மாமன் உன்னைப் பத்தி விசாரிக்க வந்தாரே, அவர்கிட்ட என்னடா சொல்லித் தொலைச்சே? அட்டை இல்லாட்டியும் பரவால்லேன்னு வந்த ஒரே இடம்டா! இப்ப பொண்ணு குடுக்க மாட்டாங்களாம். குடையை மட்டும் பத்திரமா வைக்கச் சொன்னாரு."

குடையைத் திரும்ப வாங்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியவர் வந்தார். கூடவே அவருடைய அக்கா மகள். மாமா வீட்டில் வந்து சொன்ன கதையைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து, அந்த ஆளைப் பார்த்தே தீருவேன் என்று அடம்பிடித்து வந்தாளாம். வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எல்லைக்குப் போறவரு இவருதானா?" என்றாள். வாய் திறந்தால் இன்னும் கெடும் என்று குடையை நீட்டினேன். அவள்தான் லெட்சுமி. மாமா எவ்வளவோ தடுத்தும் என்னையே கட்டிக்கொண்டாள்.

வருஷங்கள் ஓடிவிட்டன. என் பையில் இன்னும் அதே எஃப்.ஆர்.சி. சீட்டுதான். மாமா வீட்டுக்கு வந்தால் குடையைக் கதவில் மாட்டிவிட்டு, "விசாரிக்க வந்திருக்கேன்" என்பார். பிள்ளைகள் எழுந்து நின்று சல்யூட் அடிப்பார்கள். எனக்கும் லெட்சுமிக்கும் சண்டை வந்தால் அவள் அதிகம் பேசுவதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, "நாட்டைத்தானே கட்டிக்கிட்டீங்க, அதுகிட்டயே சோறு கேளுங்க" என்பாள்.

நானும் அதனிடம் ஓர் அட்டை கேட்டுப் பார்த்தவன்தான். அதனால் சீக்கிரமே சமாதானத்துக்கு வந்துவிடுவேன்.