ரொறன்ரோவில் நித்திரை, கோப்பாயில் நண்டு

என் மனைவி நன்றாக நித்திரை கொள்ளவேண்டும். சென்ற மாதம் முழுவதும் நான் கடவுளிடம் கேட்டது இது ஒன்றைத்தான்.

குணலட்சுமி ரொறன்ரோவுக்குப் போயிருந்தாள். மகள் தக்சாயினிக்கு அங்கே முதல் பிள்ளை. சுகமாகப் பிறந்தால், முப்பத்தொரு நாள் துடக்குக் கழியும்வரை மீன், இறைச்சி எந்த மச்சமும் தொடுவதில்லை என்று முருகனுக்கு நேர்த்திக்கடன். நேர்த்தி வைத்தது குணலட்சுமி. தொடாமல் இருக்கவேண்டியது நான். அவள் பிறவிச் சைவம். தன்னிடம் விடுவதற்கு ஒன்றும் இல்லாததால் என்னுடையதை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்" என்றேன், அவள் பெட்டி அடுக்கும்போது.

"முருகனே ஒண்டும் கேக்கேல்லை. நீங்கள் ஏனப்பா கேக்கிறியள்?"

அவள் போய் இறங்கிய மறுநாளே பிள்ளை சுகமாகப் பிறந்தது. முருகன் தன் பங்கைச் செய்துவிட்டார். மிச்சம் என் தலையில்.

கொழும்புத்துறையிலிருந்து ஜெறோம் மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டு வருவான். நண்டில் எனக்குள்ள ஆசை ஊரறிந்தது; பெட்டியில் நண்டு இருந்தால் எங்கள் படலையடியில் இரண்டு தரம் ஹோன் அடிப்பான். நாலைந்து நாளில் அந்தச் சத்தம் எனக்குக் கோயில் மணிபோலக் கேட்கத் தொடங்கியது.

யோசித்தேன். இங்கே பகல் என்றால் அங்கே இரவு. அவள் நித்திரை கொள்ளும் நேரத்தில் நான் சமைக்கலாம், தின்னலாம், சட்டியைக் கழுவிக் கவிழ்த்துச் சாம்பிராணியும் காட்டலாம். முருகனை நினைத்து அதிகம் பயப்படவில்லை. அவருக்கு இரண்டு மனைவிமார். என் நிலைமை அவருக்கு விளங்கும்.

குணலட்சுமிதான் நித்திரை கொள்ளவில்லை. மத்தியானம் அடுப்படிக்குள் கால் வைத்தால் வீடியோ அழைப்பு வரும்.

"இன்னும் நித்திரை இல்லையே?"

"எங்கையப்பா? இஞ்சை நடுச்சாமம், எனக்குச் சோத்துப் பசி பசிக்குது. பகலிலை பிள்ளையை மடியிலை வைச்சுக்கொண்டு தூங்கி விழுறன். ஜெட் லாக்காம், மருமோன் சொல்லுறார்."

எனக்கு விளங்கியது. அவளுடைய உடம்புதான் விமானம் ஏறியிருக்கிறது. உடம்புக்குள் இருக்கும் மணிக்கூடு கோப்பாயில், எங்கள் குசினிக்குள் நின்று, என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அன்று பின்னேரமே ஜெட் லாக் பற்றி இணையத்தில் இருந்ததையெல்லாம் வாசித்தேன். ஆங்கிலத்தில் விளங்காததைத் தமிழிலும், தமிழில் விளங்காததைத் திரும்ப ஆங்கிலத்திலும் வாசித்தேன். வைத்தியத்தைத் தொடங்கினேன்.

"விடிஞ்சவுடனை வெளியிலை போய் வெளிச்சத்திலை நடவும். பகலிலை எவ்வளவு கண்ணைக் கட்டினாலும் கனநேரம் படுக்காதையும். மத்தியானத்துக்குப் பிறகு தேத்தண்ணி கூடாது. அந்த ஊர் ஆக்கள் சாப்பிடுற நேரத்துக்குச் சாப்பிடும். முக்கியமா, இரவிலை ஃபோனைத் தொடாதையும்."

"ஃபோனைத் தொடாமல் உங்களோடை எப்பிடிக் கதைக்கிறது?"

"நான் கிடக்கிறன். எனக்கு உம்மடை உடம்புதான் முக்கியம்."



"கலியாணம் கட்டின நாள் தொடக்கம், நித்திரை கொண்டனியோ எண்டு நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை" என்றாள். குரல் தழுதழுத்ததாக எனக்குப் பட்டது.

அதன்பிறகு மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விடுவதுபோல அவளுடைய நித்திரையைப் பராமரித்தேன்.

"இண்டைக்கு நடந்தனீரோ?"

"நடந்தன்."

"தேத்தண்ணி?"

"காலமை மட்டும்."

"பகல் படுக்கை?"

"ஐயோ, பிள்ளையையே இப்பிடி ஒருத்தரும் பாக்கேல்லையப்பா!"

ஒருநாள் பின்னேரம், அங்கே விடிந்த நேரம், அழைத்தாள்.

"இஞ்சாருங்கோ, ராத்திரிப் படுத்ததுதான் தெரியும். இப்பதான் எழும்புறன். எல்லாம் உங்கடை புண்ணியம். இனி இரவிலை ஃபோனைத் தொடவே மாட்டன்."

உடனே ஜெறோமுக்குச் சொல்லிவைத்தேன்.

மறுநாள் ஹோன் இரண்டு தரம் அடித்தது. பெரிய நண்டுகள். சட்டி நிறையத் தேங்காய்ப்பால் விட்டு, தூள் போட்டு, முருங்கையிலை உருவிப் போட்டேன். வாசம் வேலியைத் தாண்டிப் போனது. போகட்டும். வேலிக்கு அந்தப் பக்கம் சிவகௌரி வீடு. மச்சம் சாப்பிடுகிற குடும்பம். நல்ல பிள்ளை, வாய் திறக்கமாட்டாள்.

சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டேன். தொலைபேசி அடித்தது.

"நித்திரை இல்லையே?" என்றேன். இந்தமுறை அந்தக் கேள்வி என் நெஞ்சின் அடியிலிருந்து வந்தது.

"முழிப்பு வந்திட்டுது. ஏன் உப்பிடி வேர்க்குது?"

"வெயில்."

"குசினிக்குள்ளையும் வெயிலோ? ஃபோனைக் கொஞ்சம் பதிச்சுப் பிடியுங்கோ. இன்னும் கொஞ்சம். ஆ, அந்தச் சட்டியைத் திறவுங்கோ."

திறந்தேன். ஆவி எழும்பித் திரையை மறைத்தது. அது அடங்கும்வரை அவள் பொறுமையாக இருந்தாள்.

"நண்டோ?"

"ஓம்."

"தேசிக்காய் விட்டாச்சோ?"

"இல்லை."

"இறக்கிப்போட்டு விடுங்கோ. அடுப்பிலை வைச்சு விட்டால் கைக்கும்."

இறக்கினேன். பிழிந்தேன். மனம் லேசாகியது. பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் நெஞ்சு இளகத்தான் செய்யும்.

"உப்புப் பாக்கட்டோ?" என்றேன்.

"வேண்டாம். சாப்பிடுற ஆக்கள் பாப்பினம்."

"ஆர் சாப்பிடுற ஆக்கள்?"

"மூடிக் கொண்டுபோய்ச் சிவகௌரியிட்டைக் குடுங்கோ. ஃபோனை நிப்பாட்டாதேங்கோ. சேட்டுப் பொக்கற்றிலை வையுங்கோ, கமரா முன்னுக்குத் தெரிய."

சட்டியைத் தூக்கிக்கொண்டு, வேலியில் ஆள் புகும் பொட்டால் நுழைந்தேன். என்ன சொல்லிக் கொடுப்பது என்று யோசித்து, பேரப்பிள்ளை பிறந்த சந்தோசம் என்று ஒன்றைத் தயார்செய்து வைத்திருந்தேன். சொல்லக் கிடைக்கவில்லை. சிவகௌரியின் பிள்ளைகள் ஆளுக்கொரு கோப்பை வெறுஞ்சோற்றோடு வரிசையாக இருந்து என் கையைப் பார்த்தார்கள்.

"என்ன பிள்ளை, இன்னும் கறி வைக்கேல்லையோ?" என்றேன்.

"இல்லை அண்ணை" என்று அவள் சட்டியை வாங்கிக்கொண்டாள். "நாளைக்குக் கறி ஒண்டும் வைக்காதை, மத்தியானம் நண்டு வரும் எண்டு அக்கா நேற்றே ஃபோனிலை சொல்லிப்போட்டா."