பாஸ்டர் பைபிளில் என் பாஸ்போர்ட்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனிக்கு மேல்படிப்புக்காகக் கிளம்பிய நான் முதலில் போய்ச் சேர்ந்த இடம், செம்பாக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் சமையலறை. அதுவும் ஹெல்மெட்டோடு.

எங்கள் வீட்டில் எந்த முக்கியமான காகிதமும் பைபிளுக்குள் ஓர் இரவாவது தங்காமல் வெளியே போனதில்லை. அம்மாவின் பைபிளில் அறுபத்தாறு ஆகமங்கள் போக, என் பிளஸ் டூ ஹால் டிக்கெட், அப்பாவின் இ.சி.ஜி., காஸ் இணைப்பு ரசீது எல்லாம் உண்டு. (ஜிப் மூடுவதற்கு இரண்டு பேர் வேண்டும்.)

கிளம்பும் நாள் காலை சிட்லபாக்கம் வீட்டில் வழியனுப்பு ஜெபம். சபை பாஸ்டர் வந்திருந்தார். அம்மா கண் காட்டினார்.

"ஜெனி, பாஸ்போர்ட்டைக் கொண்டா. பைபிள்ல வை."

டீப்பாயில் இரண்டு கறுப்பு பைபிள்கள் இருந்தன. ஒன்று எங்களுடையது. மற்றொன்று பாஸ்டருடையது. இங்கேதான் என் பொறியியல் மூளை வேலை செய்தது. நம்முடையதோ வீட்டு உபயோகம். அவருடையதோ முழுநேர ஊழியத்தில் இருப்பது. எதில் பவர் அதிகம் இருக்கும்? எல்லோரும் கண்ணை மூடியதும் பாஸ்போர்ட்டை பாஸ்டரின் பைபிளுக்குள் சொருகிவிட்டு, உலகத்திலேயே புத்திசாலி நான்தான் என்ற நினைப்பில் "ஆமென்" சொன்னேன்.

பிறகு இட்லி, கேசரி, அழுகை, சூட்கேஸோடு செல்ஃபி. "செம்பாக்கத்துல ஒரு புது வீட்டுப் பிரதிஷ்டை இருக்கு, நேரமாச்சு" என்று சொல்லி பாஸ்டர் பைபிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். நான் வாசல் வரை போய்ச் சிரித்தபடி டாட்டா காட்டினேன்.

நாலு மணிக்கு விமானம். மூன்று மணிக்கு கவுன்டர் மூடிவிடுவார்கள். ஒரு மணிக்கெல்லாம் ஒரு வேன் நிறைய சொந்தங்களோடு விமான நிலைய வாசலில் இறங்கிவிட்டோம். காவலர் கையை நீட்டினார். நான் அம்மாவிடம் கையை நீட்டினேன். அம்மா ஹேண்ட்பேக்கிலிருந்து பைபிளை எடுத்துக் கம்பீரமாக ஜிப்பைத் திறந்தார். ஹால் டிக்கெட் வந்தது. இ.சி.ஜி. வந்தது. காஸ் ரசீதும் வந்தது.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அம்மா... நான் பாஸ்டர் பைபிள்ல வச்சிட்டேன்."

"அங்க ஏன்டி வச்ச?"

"அதுல பவர் ஜாஸ்தின்னு..."

"அது என்ன பவர் பேங்காடி?"

பாஸ்டருக்குப் போன் போட்டோம். ஸ்விட்ச் ஆஃப். (ஜெப நேரத்தில் போன் அடித்தால் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு முறைப்பவர் அவர்.) பெரியப்பா மகன் ஸ்டீபன் அண்ணா மட்டும் வேனில் இடம் இல்லாமல் பைக்கில் வந்திருந்தான். ஒரு ஹெல்மெட்டை என் தலையில் கவிழ்த்தான்.

"ஏறுடி. அழுவுறதை வண்டில உக்காந்து அழு."

ஜி.எஸ்.டி. சாலையில் பல்லாவரம் சிக்னல் எங்களைப் பார்த்ததும் சிவப்பானது. குரோம்பேட்டை சிக்னலும் அதற்கு ஆதரவு தெரிவித்தது. செம்பாக்கத்தில் வாசலில் ஷாமியானாவும் செருப்பு மலையும் தெரிந்த வீட்டைக் கண்டுபிடித்தபோது மணி ஒன்று ஐம்பது.

வீட்டுப் பிரதிஷ்டையில் பாஸ்டர் ஒவ்வொரு அறையாகப் போய் ஜெபிப்பார். கூட்டமும் பின்னாலேயே போகும். நான் நுழைந்தபோது ஊர்வலம் சமையலறைக்குள் நெரிந்துகொண்டிருந்தது. எல்லோர் கண்ணும் மூடியிருந்தது. இண்டு இடுக்கில் புகுந்து முன்னால் போய்விட்டேன். பைபிள் பாஸ்டரின் அக்குளில் இருந்தது.

ஜெபத்தை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மெதுவாக உருவினேன். அவர் அக்குளை இறுக்கினார். இன்னும் கொஞ்சம் இழுத்தேன். அவர் குரல் உயர்ந்தது.

"கர்த்தாவே, திருடர்கள் இந்த வீட்டுக்குள் பிரவேசியாதபடி காத்தருளும்!"

பலம் முழுவதையும் திரட்டி ஒரே இழுப்பு. பைபிள் என் கைக்கு வந்தது. நான் பின்னால் போய் எவர்சில்வர் அலமாரியில் மோதினேன். புதுத் தட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசித் தட்டு மட்டும் அவசரமே இல்லாமல் தரையில் சுற்றிச் சுற்றி அடங்கியது. கூட்டம் கண்ணைத் திறந்தது. ஹெல்மெட் போட்ட உருவம் ஒன்று பைபிளோடு உட்கார்ந்திருந்தது. வீடியோக்காரர் கேமராவை என் பக்கம் திருப்பினார்.

"ஐயோ, யாருங்க இது!" என்று வீட்டுக்கார அம்மா கரண்டியைத் தூக்கினார்.

நான் ஹெல்மெட் கண்ணாடியை மேலே தள்ளினேன்.

"ஜெனி?" என்றார் பாஸ்டர். "ஜெர்மனி போகலையா நீ?"

"போய்ட்டே இருக்கேன் பாஸ்டர்."

பைபிளைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினேன். ஏன் அங்கே வைத்தேன் என்பதையும், வேறு வழியில்லாமல், அத்தனை பேர் முன்னால் சொன்னேன். பாஸ்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"உங்க வீட்டு பைபிள்லயும் இதே வசனம்தாம்மா இருக்கு."

வீட்டுக்கார அம்மா கரண்டியை இறக்கிவிட்டு, "இவ்ளோ தூரம் வந்துட்ட, ரெண்டு வாய் பிரியாணி சாப்பிட்டுப் போம்மா" என்றார். (மறுத்தேன். இன்றுவரை வருந்துகிறேன். விமானத்தில் வேகாத பீன்ஸ் கொடுத்தார்கள்.)

இரண்டு ஐம்பத்திரண்டுக்குக் கவுன்டரில் பாஸ்போர்ட்டை வைத்தேன். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஹெல்மெட்டும் செக்-இன் பண்ணணுமா மேம்?" என்று கேட்டார். தலையைத் தொட்டுப் பார்த்தேன். அண்ணாவின் ஹெல்மெட் இன்னும் மியூனிக்கில் என் அறை அலமாரி மேல்தான் இருக்கிறது.

அந்தச் செம்பாக்கம் வீட்டுக்கு யார் விருந்துக்கு வந்தாலும் பிரதிஷ்டை வீடியோவில் அந்த இடத்தை மட்டும் இரண்டு முறை போட்டுக் காட்டுகிறார்களாம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். போன மாதம் விடுமுறைக்கு வந்தபோது சபையில் ஒரு பையனுக்குக் கனடா வழியனுப்பு ஜெபம். "ஆமென்" சொன்னதும் பாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் பைபிளைத் தலைகீழாகப் பிடித்து மூன்று முறை உதறினார். இப்போதெல்லாம் எல்லா வழியனுப்பு ஜெபத்திலும் இப்படித்தானாம். காரணம் தெரியாத புதுக் குடும்பம் ஒன்று முன்வரிசையில் இருந்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். நால்வரும் பயபக்தியோடு எழுந்து நின்று தங்கள் பைபிளையும் மூன்று முறை உதறினார்கள்.