மகளின் பலகைக்கு மெருகு போட்டேன்

பிள்ளைகளே, யாருக்காவது உதவி செய்யப் போகிறீர்கள் என்றால் முதலில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இந்தச் சின்ன விஷயம் எனக்கு நாற்பத்தைந்து வயதில், காரைக்கால் கடற்கரைச் சாலையில், பத்துப் பேர் பார்க்கும்போதுதான் விளங்கியது.

பட்டினச்சேரியில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப்போட்டு மெருகேற்றுவது என் வேலை. என் மகள் மலருக்கு ஸ்கேட்போர்டு. நான்கு சக்கரம் வைத்த பலகையில் ஏறி, படிக்கட்டு, சிமெண்டு பெஞ்சு எதையும் விடாமல் தாவுவாள். (கேமரா போன் வந்த புதிது. ஊரில் பாதிப் பேர் போனில் அவள்தான்.) அதைப் பார்த்து ஒரு கம்பெனி பெங்களூரிலிருந்து ஒரு சாரை அனுப்பியது. அவருக்குப் பிடித்துவிட்டால் சம்பளம், போட்டிகளுக்குப் பயணம் எல்லாம் உண்டு. விளையாட்டே அவளுக்குத் தொழிலாகிவிடும்.

அவர் வருவதற்கு முதல்நாள் சாயங்காலம் அவள் பலகையைத் தடவிப் பார்த்தேன். மேலெல்லாம் உப்புத்தாள்! எங்கள் தொழிலில் உப்புத்தாள் கண்ணில் பட்டால் வேலை பாக்கி என்று அர்த்தம். சுரண்டி எறிந்துவிட்டு, படகுக்குப் பூசும் ரெசின் பிசினை இரண்டு கோட்டு அடித்தேன். முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படிப் பளபளத்தது.

காலையில் கடற்கரையில் பையைத் திறந்த மலர் அலறினாள்.

"அப்பா, மேல ஒட்டியிருந்தது எங்க?"

"எவனோ எடுக்க மறந்துட்டாம்மா. பிச்சுப் போட்டுட்டேன்."

"அதுலதாம்ப்பா காலே நிக்கும்!"

என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "போட்டுல கால் வழுக்காம இருக்க ரெசின் தடவி மணல் தூவுறீங்கள்ல? அந்த மூளைய வீட்டுக்குக் கொண்டாரதே இல்லியா?"

வண்டியை விரட்டி ரெசின் கொண்டுவந்து தடவி, மணலை அள்ளித் தூவினேன். அது இறுகுவதற்கு ஒரு மருந்து கலக்க வேண்டும். அவசரத்தில் குறைத்து ஊற்றிவிட்டேன். இறுகத்தான் செய்தது, மலர் ஏறி நின்ற பிறகு.

வந்த சார் அவளைப் பலகைமேல் நிற்க வைத்தே ஊர், படிப்பு எல்லாம் விசாரித்தார். பிறகு மலர் பாய்ந்தாள். பெஞ்சைத் தாண்டினாள், படி தாண்டினாள். பலகை காலை விட்டு இம்மி விலகவில்லை.

"அடேங்கப்பா, என்ன பேலன்ஸு!" என்றார் சார். (என் நெஞ்சு சட்டைக்குள் அடங்கவில்லை.)

"இப்ப பலகைய மட்டும் காத்துல சுத்துங்கம்மா."

மலர் என்னை ஒரு பார்வை பார்த்தாள். எத்தினாள். பலகை சுற்றவில்லை, மகள் சுற்றினாள். மணலில் மல்லாந்து விழுந்தாள், வானத்தைப் பார்த்துச் சக்கரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. என் மனைவி ஓடிப்போய் ஷூ கயிற்றை அவிழ்த்தாள். கால் வந்தது, ஷூ வரவில்லை.

இரண்டு ஷூ முளைத்த பலகையைத் தூக்கிப் பார்த்த சார், "இது என்ன மாடல் சார்?" என்றார்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது. பிறகு காரிலிருந்து தன் பலகையை எடுத்துக் கொடுத்தார். மலர் வெறுங்காலோடு, என்மேல் இருந்த கோபம் மொத்தத்தையும் அதன்மேல் காட்டினாள். பலகை காற்றில் சுழன்று, படிக்குக் கீழே சரியாக அவள் காலடிக்கே வந்தது.

அங்கேயே கார்மேல் வைத்துக் கையெழுத்தானது. ஒப்பந்தத்தின் அடியில் சார் பேனாவால் ஒரு வரி சேர்த்தார்: "பலகையைத் தகப்பனார் தொடக் கூடாது." அதற்குக் கீழே என்னிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார்.

மலர் பல ஊர் போட்டிகளுக்குப் போய்வந்துவிட்டாள். நான் இன்றைக்கும் ரிப்பேரான மிக்ஸியைப் பார்த்துக் கையை நீட்டினால் போதும், அடுப்படியிலிருந்து குரல் வரும்:

"ஏங்க, கையெழுத்துப் போட்டிருக்கீங்க!"