கொக்கியார் தூளி கட்டிய கதை

"இந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் தூங்கப் போறேன். உலகமே வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டேன்" என்று சாப்பாட்டு மேஜையில் கொக்கியார் சபதம் செய்தார்.

கொக்கியாருக்கு உத்தியோகம் லிஃப்ட் பரிசோதகர். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் ஒரு கொக்கி போடாமல் திரும்ப மாட்டார் என்பதால் கட்டடக்காரர்கள் வைத்த பெயர் அது. ஊரையே நிறுத்தி வைக்கும் மனிதருடைய ஜம்பம் வீட்டில் மட்டும் சாயாது. ஹால் சோபாவில் உடம்பைக் கிடத்தினால் போதும், "சும்மாதானே படுத்திருக்கீங்க" என்று ஆரம்பித்து மனைவி அவரைப் பரண் சுத்தம் செய்ய ஏற்றிவிடுவாள். அதனால்தான் கண்மறைவாகக் கொல்லைப்புறத்தில், இரண்டு மரங்களுக்கு நடுவே ஹேமக் கட்டிக்கொள்ள முடிவு செய்திருந்தார்.

"ஹேமக்குன்னா என்னங்க?"

"துணியில செஞ்சது. ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டி அதுல படுத்துக்கறது."

"தூளின்னு சொல்லுங்களேன். கட்டிக்கோங்க. இந்த வயசுல ஆசைப்படறீங்க, வேண்டாம்னா பாவம்."

இவ்வளவு சுலபமாக அனுமதி கிடைத்தபோதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் மறந்துவிட்டார்.

கூடாரமும் முதுகுப்பையும் விற்கிற கடையில் தூளியைப் பார்த்த மாத்திரத்தில் எடுத்துவிட்டார். அதை மரத்தில் மாட்டுகிற ஸ்ட்ராப்பைத் தேர்ந்தெடுப்பதற்குள்தான் கடை சாத்துகிற நேரமாகிவிட்டது. கயிறு மரத்தை அறுக்கும், வேண்டாம். நைலான் பட்டை பாரம் ஏறினால் நீளும், பாதித் தூக்கத்தில் முதுகு தரை தட்டும், அதுவும் வேண்டாம். கடைசியில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு பாலியெஸ்டர் பட்டை வந்தது. நீளத்துக்கும் வரிசையாக வளையங்கள் தைத்திருந்தார்கள். எந்த வளையத்தில் மாட்டுகிறோமோ அதுதான் அளவு. கொக்கியார் ஒவ்வொரு தையலையும் நகத்தால் நெருடிப் பார்த்தார்.

"இது எவ்வளவு தாங்கும்?"

"யானையே படுக்கலாம் சார்."

"யானையைப் படுக்க வெச்சுப் பாத்தீங்களா?"

கடைக்காரர் பில்லை நீட்டினார்.

ஞாயிறு காலை கொக்கியாருக்குக் கால் தரையில் பாவவில்லை. விசிலடித்துக்கொண்டே தலைக்கு மேல் உயரத்தில் இரண்டு மரத்தையும் சுற்றிப் பட்டையைக் கட்டித் தூளியை மாட்டினார். மனைவி காப்பித் தம்ளரோடு வந்து நின்றாள்.

"இன்னும் இழுத்துக் கட்டக் கூடாதா? தொங்குதே."

"இழுத்துக் கட்டினா மரத்து மேல இழுவை பல மடங்கு ஏறிடும். முப்பது டிகிரி சரிவா இருக்கணும். தொய்வுதான் பாதுகாப்பு."

"அதான் இத்தனை வருஷமா நீங்க இவ்வளவு பாதுகாப்பா இருக்கீங்களா?"

அவர் குனிந்து தூளியின் சரிவை அளந்தார். அவள் ஒரு வாய் காப்பி குடித்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா கேக்கறேன். தலைக்கு மேல காஞ்ச கிளை ஒண்ணு நிக்குதே, இருக்கலாமா?"

கொக்கியார் அண்ணாந்து பார்த்தார். "கூடாது" என்றது உத்தியோகம். ரம்பத்தை எடுத்து வந்து கிளையை அறுத்துத் தள்ளினார்.

"கீழ இந்த முள்ளுச்செடி?"

"கூடாது." வேரோடு பிடுங்கினார்.

"அந்த உடைஞ்ச ஓட்டுக் குவியல்?"

"கூடவே கூடாது." கூடை கூடையாகத் தெருமுனைக்குச் சுமந்தார்.

சுமந்து முடித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. கிளை, முள், ஓடு மூன்றையும் போன மழைக்கு முன்னாலிருந்தே அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். முதுகுவலி என்று சொல்லி அவரும் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். கொல்லை இப்போது கண்ணாடி மாதிரி இருந்தது. போகட்டும், இடுப்பு போனாலும் தூக்கம் மிச்சம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, பொங்கி வந்த ஆசையோடு தூளிக்குள் ஒரு காலைத் தூக்கினார்.

"இருங்க. லோடு டெஸ்ட் ஆச்சா?"

கால் அந்தரத்தில் நின்றது.

"ஏறப்போற எடையைப் போல ஒண்ணேகால் மடங்கு ஏத்திப் பாக்காம கையெழுத்தே போட மாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கறீங்களே?"

"ஆமா. விதின்னா விதிதான்." காலை இறக்கினார். "அவ்வளவு கனமான மூட்டைக்கு எங்க போறது?"

"மூட்டை எதுக்கு? என் தங்கச்சி கல்யாணத்துல அத்தனை பேர் நடுவுல என்ன சொன்னீங்க? 'இவ எடை என்னைப் போல ஒண்ணேகால் மடங்கு'ன்னு சொல்லிச் சிரிச்சீங்க இல்ல?"

சொல்லிக்கொண்டே அவள் தூளியில் உட்கார்ந்து, காலைத் தூக்கி உள்ளே போட்டு, நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டாள். பட்டை ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது. துணி அவளை ஆசையோடு வாங்கிக்கொண்டது. கொக்கியாருக்கு வயிறு எரிந்தது.

"தாங்குது, தாங்குது. இறங்கு."

"காலையில பாரம் ஏத்தினா சாயங்காலம்தான் இறக்குவேன்னு சொல்லுவீங்களே."

"அது லிஃப்டுக்கு."

"விதின்னா விதிதான்னு இப்பதானே சொன்னீங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இனி சோபாதான் கதி என்று கொக்கியார் ஓசைப்படாமல் வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"எங்க போறீங்க? டெஸ்ட் நடக்கும்போது அதிகாரி இடத்தை விட்டு நகரலாமா?"

"கூடாது" என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"அப்ப பக்கத்துலயே நின்னு லேசா ஆட்டி விடுங்க. ஆடும்போதும் தாங்குதான்னு பாக்க வேண்டாமா?"

கொக்கியார் ஆட்டினார்.