தீர்த்தகிரியின் சீல் பிரியாத சொத்து

மத்திகிரி பஸ் ஸ்டாப்பில் இறங்கும்போதே தீர்த்தகிரி ஒரு தீர்மானத்தோடு இறங்கினான். இன்று வீட்டில் அவன்தான் பேசுவான். அனிதா கேட்டுக்கொள்வாள். கல்யாணமானதிலிருந்து அவன் இப்படித் தீர்மானிக்காமல் பஸ்ஸை விட்டு இறங்கிய நாள் கிடையாது. ஆட்டோ ஸ்டாண்டைத் தாண்டி, மளிகைக் கடையைத் தாண்டி, வீட்டு வாசலுக்கு வருவதற்குள் அந்தத் தீர்மானம் கரைந்து காணாமல் போய்விடும். இன்று கரையவில்லை. விஷயம் பீரோவைப் பற்றியது. அனிதாவின் சாமான்களுக்கு இனி அதில் இடமில்லை.

பீரோவில்தான் அவனுடைய உயிர் இருந்தது. உயிர் என்றால் வீடியோ கேம். இருபத்தாறு டப்பாக்கள். வாங்கியபோது சுற்றியிருந்த கண்ணாடித் தாளோடு, சீல் பிரியாமல், மேல்தட்டில் வரிசையாக நின்றன. கார் பந்தயம், கால்பந்து, கத்திச் சண்டை, பேய் பங்களா. எதையும் அவன் ஆடிப் பார்த்ததில்லை. ஆட வேண்டுமானால் சீலைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் மதிப்பு போய்விடும். இப்படிச் சீல் பிரியாமல் சேர்க்கிறவர்களுக்கென்று செல்போனில் ஒரு குழு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதில் தன் வரிசையைப் படமெடுத்துப் போடுவான். பெங்களூரிலிருந்து யாராவது கைதட்டும் படம் அனுப்பினால் அந்த வாரம் முழுக்க அவனுக்குச் சாப்பாடு ருசிக்கும்.

ஆடுகிற மெஷின் டிவிக்குக் கீழே, அனிதா தைத்த பூப்போட்ட உறைக்குள் தூங்கியது. "வாங்குனா ஆடணுங்க. லட்டு வாங்கி மோந்து பாத்துட்டு வெக்கறாப்புல இருக்குது நீங்க பண்றது. வாங்க, ஒண்ணு பிரிச்சு ரெண்டு பேரும் ஆடலாம்" என்று அவள் ஆரம்பத்தில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். தன்னுடைய கண்டிப்புக்குக் கிடைத்த வெற்றி என்று தீர்த்தகிரி அதை எடுத்துக்கொண்டான்.

சீல் விஷயத்தில் அவனுக்குக் கண்டிப்பு இருந்ததில் ஆச்சரியமில்லை. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் லைனின் கடைசியில் நிற்கிற இன்ஸ்பெக்டர் அவன். பெட்டி வரும். சீலைப் பார்ப்பான். சரியாக இருந்தால் பச்சைப் பொட்டு ஸ்டிக்கர். கோணலாக இருந்தால் சிவப்புப் பொட்டு. சிவப்பு ஒட்டிய கையோடு கட்டரால் தாளை சர்ரென்று கிழித்துவிடுவான். கிழிக்காமல் ஓரமாக வைத்தால் எவனாவது மறுபடி லைனில் தள்ளிவிடுவான். "என் கண்ணத் தாண்டி ஒரு கள்ள சீல் போனதா சரித்திரமே இல்ல" என்று கேன்டீனில் டீ குடிக்கிறவர்களிடமெல்லாம் சொல்வான். டீ ஆறும்வரை சொல்வான்.

அன்று அவன் வீட்டுக்குள் நுழைந்தால், பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க வைக்கோல். வைக்கோலுக்குள் மாங்காய்.

"அனிதா! பீரோவுல என்ன இது?"

"மாங்காங்க."

"அது தெரியுது. பீரோவுல எதுக்கு?"

"பழுக்கறதுக்கு."

"பீரோ என்ன உங்கப்பன் தோப்பா?"

"எங்கப்பன் தோப்புலருந்து வந்ததுதான். வேப்பனப்பள்ளி வண்டியில காலைல போட்டுவுட்டாரு. சமையக்கட்டுல எலி. ஹால்ல நீங்க. வேற எங்க வெக்கறதாம்?"

வருஷாவருஷம் மாமனார் நாராயணப்பன் அனுப்புகிற மாம்பழம்தான் அனிதாவின் தொழிலுக்கு முதல். கூழாக்கி, தட்டில் ஊற்றிக் காயவைத்து, மாம்பழ ஜெல்லியாக வெட்டி, டப்பாவில் போட்டு, கண்ணாடித் தாள் சுற்றிக் கடைகளுக்குக் கொடுப்பாள். தாள் ஒட்டுகிற சின்ன மெஷினும், தாளைச் சுருக்குகிற சூடு ஊதியும் வாங்கிக் கொடுத்தது தீர்த்தகிரி. ஒட்டச் சொல்லிக்கொடுத்ததும் அவனே. மூலை மடிப்பு கத்தி மாதிரி இருக்கணும், ஒட்டுக்கோடு நட்டநடுவில் ஓடணும் என்று முதல் வருஷம் அவள் ஒட்டியதில் பாதியைக் கிழித்துப்போட்டான். அவள் அழுதுகொண்டே கற்றுக்கொண்டாள். இன்றைக்கு அவள் ஒட்டும் டப்பாவைக் கம்பெனி லைனில் வைத்தாலும் பச்சைப் பொட்டுதான். இதையும் அவன் கேன்டீனில் சொல்லியிருக்கிறான், தன் பெருமையாக.

"இந்தா பாரு. ஏற்கனவே தூறல் மாசம். செவுரெல்லாம் வேர்க்குது. இதுல மாங்கா பழுத்து ஆவி வந்தா மேல்தட்டுக்குத்தான் ஏறும். ஈரம் பட்டா தாள் தளரும். தளர்ந்தா சீல் போச்சு. மேல்தட்டுல என்ன இருக்குதுன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"நல்லாவே தெரியுங்க" என்றாள் அனிதா.

"இனிமே பீரோ மொத்தமும் எனக்கு. உன் சேலை, ஜெல்லி, மாங்கா எல்லாம் பரண்ல ஏத்து."

சொல்லிவிட்டான். பஸ் ஸ்டாப்பில் எடுத்த தீர்மானம் முதல்முறையாக வீட்டுக்குள் வந்து வாயைத் திறந்தும்விட்டது. அவனுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

"சரிங்க" என்றாள் அவள்.

பயம் அதிகமாகிவிட்டது. அவள் சரிங்க என்று சொன்ன எதுவும் இதுவரை சரியாக முடிந்ததில்லை.

அந்த நேரம் பார்த்து வெங்கடம்மாள் உள்ளே வந்தாள். வீட்டுக்காரம்மா. பக்கத்து போர்ஷனில்தான் இருக்கிறாள். தெலுங்குக் குடும்பம். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்ட மத்தியானங்களில் அனிதாவுக்கு ஜெல்லி டப்பா ஒட்ட ஒத்தாசைக்கு வருவாள். வந்ததும் இரண்டு கட்டைவிரல்களையும் மடக்கி நெட்டி முறித்தாள்.

"ஏமி சார், டூட்டி முடிஞ்சுதா? அப்பா, ரெண்டு விரலும் என்னா வலி!"

"ஜெல்லி ஒட்டி ஒட்டி வலிக்குது, பாவம்" என்றான் தீர்த்தகிரி.

"அவுனு சார், ஜெல்லிதான்" என்றாள் வெங்கடம்மாள். அனிதா அவளை ஒரு பார்வை பார்த்தாள். வெங்கடம்மாள் சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"ஏங்க, ஒரு டவுட்டு" என்று அனிதா திரும்பினாள். "அந்தத் தாள ஒருத்தர் பிரிச்சுட்டு மறுபடி ஒட்டி வெச்சா கண்டுபிடிக்கவா முடியும்?"

"முடியுமாவா? யாருகிட்டக் கேக்கற? கண்ணக் கட்டிவுட்டாலும் தடவிப் பாத்தே சொல்லுவேன்."

"நான் ஒட்டுனாக்கூடவா?"

"நீ என் சிஷ்யை. நீ எங்க தப்பு பண்ணுவேன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஒரு பந்தயம். இந்த அடுக்குல நான் பிரிச்சு ஒட்டுனது எதுன்னு நாளைக்கு நீங்க காட்டணும். சரியாக் காட்டிட்டா பீரோ உங்களுது. நான் பரணுக்கே குடிபோறேன். தப்பாக் காட்டிட்டீங்கன்னா பீரோ எனக்கு. சீல்ங்கற பேச்சே அப்புறம் இந்த வீட்டுல இருக்கக்கூடாது."

தீர்த்தகிரி மேல்தட்டைப் பார்த்தான். பந்தயத்துக்காகவென்றாலும் ஒரு டப்பாவைப் பலி கொடுப்பதா? எதை? கால்பந்தையா? அது அவன் முதன்முதலில் வாங்கியது. அவனுக்கு நிஜமாகவே கண் கலங்கியது.

"என்ன சார், பயமா?" என்றாள் வெங்கடம்மாள்.

"வுடுங்கக்கா. அவரு கண்ணு மேல அவருக்கே நம்பிக்கை இல்ல" என்றாள் அனிதா.

இதைத் தாங்க முடியுமா? ஹோசூர் சிப்காட்டே நம்பியிருக்கிற கண் என்பது அவன் எண்ணம்.

"சரி! ஆனா ஒண்ணே ஒண்ணுதான். ஒண்ணுக்கு மேல தாள்ல கைய வெச்ச..."

"நாளைக்கு ஒண்ணுக்கு மேல பிரிக்க மாட்டேன். சத்தியம்" என்றாள் அனிதா, தலையில் கையை வைத்து. அவன் தலையில்.

மறுநாள் வேலையில் அவன் மனசு நிற்கவில்லை. நல்ல பெட்டி ஒன்றுக்குச் சிவப்பு ஒட்டிவிட்டு, சூப்பர்வைசர் தமிழில் கேட்டதற்குக் கன்னடத்தில் மன்னிப்புக் கேட்டான். ஷிஃப்ட் முடிந்ததும் பச்சைப் பொட்டுத் தாள் ஒன்றும் சிவப்பில் ஒரே ஒரு பொட்டும் ஸ்டேஷனரிக் கடையில் வாங்கிக்கொண்டான். கட்டர் பையிலேயே இருந்தது.

வீட்டில் எல்லாம் தயாராக இருந்தது. அனிதா டப்பாக்களைப் பாயில் அடுக்கியிருந்தாள். வெங்கடம்மாள் சாட்சியாகச் சுவரோரம் சம்மணம் போட்டிருந்தாள். தீர்த்தகிரி கை கழுவினான். துண்டால் துடைத்தான். செல்போன் டார்ச்சை ஏற்றினான். மூக்கு தாளில் உரசும் அளவுக்குக் குனிந்தான்.

கார் பந்தயம். மூலை கத்தி மாதிரி. கோடு நட்டநடுவில். பச்சை.

கத்திச் சண்டை. தாளில் ஒரு சுருக்கம் இல்லை. பச்சை.

கால்பந்து. திருப்பிப் பார்த்தான். தட்டிப் பார்த்தான். "ஆஹா! கம்பெனி சீல்னா இது. பாத்துக்க அனிதா, இந்த மடிப்பப் பாத்துக் கத்துக்கணும் நீ" என்றான். கால்பந்து தப்பிவிட்டது. பச்சை.

"எவ்வளவு சுத்தம் பாருங்க" என்றாள் அனிதா பணிவாக.

"ஃபாரின் வேலைன்னா சும்மாவா?"

வெங்கடம்மாளுக்குத் திடீரென்று இருமல் வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இருமினாள்.

பச்சைப் பொட்டுகள் வரிசையாக ஏறின. கடைசிக்கு முன்னால் இருந்தது பேய் பங்களா. அதைக் கையில் எடுத்ததும் தீர்த்தகிரியின் முகம் மலர்ந்தது. மூலையில் மடிப்பு தூக்கிக்கொண்டிருந்தது. ஒட்டுக்கோடு நடுவில் ஓடாமல் ஒரு பக்கம் வளைந்து போயிருந்தது. ஓரத்தில் தாள் தொளதொளவென்று நின்றது. இருந்தாலும் நடைமுறை என்று ஒன்று இருக்கிறதே, கடைசி டப்பாவையும் பார்த்து அதற்கும் பச்சையை ஒட்டிவிட்டு, பேய் பங்களாவை உயரத் தூக்கிப் பிடித்தான்.

"மூலை கோணல். கோடு வளைசல். தாள் தளர்ச்சி. மூணு குத்தம்! அவசரத்துல ஒட்டிருக்கற. எத்தன தடவ சொல்லிக்குடுத்தேன்? சூடு ஒரே சீரா காட்டணும்னு?"

"சொன்னீங்க" என்றாள் அனிதா.

சிவப்புப் பொட்டை டப்பாவின் நடுநெற்றியில் ஒட்டினான். ஒட்டிய கையோடு கட்டரை எடுத்தான்.

"ஏங்க, இருங்க. நல்லா ஒருக்கா யோசிச்சு..."

"ரிஜெக்ட்ல யோசனையே கெடையாது!"

சர்ர்ர். தாள் இரண்டாகப் பிளந்து பாயில் விழுந்தது. தீர்த்தகிரி நிமிர்ந்து உட்கார்ந்தான். இவ்வளவு சந்தோஷம் அவனுக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

வெங்கடம்மாள் கன்னத்தில் கையை வைத்தாள். "அய்யோ அனிதா, சாரு பேயத் தொறந்துவுட்டுட்டாரே!"

"ஒத்துக்கறியா?" என்றான் தீர்த்தகிரி.

"எதங்க?"

"இன்னைக்கு நீ பிரிச்சு ஒட்டுனது இதுதானே?"

"இன்னைக்கு நான் எதையும் பிரிக்கலீங்க."

"அப்ப?"

"பிரிக்கறதுக்கு இது ஒண்ணுதான் பாக்கி. அக்காவுக்குப் பேய்னா பயம். அதனால இத மட்டும் தொடாம வுட்டுட்டோம்."

தீர்த்தகிரிக்கு முதலில் புரியவில்லை. பாயைப் பார்த்தான். பச்சைப் பொட்டு வைத்துக்கொண்டு இருபத்தைந்து டப்பாக்கள் அவனைப் பார்த்தன.

"இதெல்லாம்..."

"ஆடியாச்சு."

"எல்லாமேவா?"

"நீங்க ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போயிட்டா, ஜெல்லி காயற வரைக்கும் மத்தியானம் எங்களுக்கு வேற என்னங்க வேலை? உங்கள எத்தன தடவ கூப்புட்டேன்? வரல. அக்கா வந்தாங்க. ஒண்ணு பிரிப்போம், ஆடுவோம், ஆடி முடிச்சதும் நீங்க சொல்லிக்குடுத்தாப்புலயே ஒட்டி எடுத்த எடத்துல வெச்சுருவோம். மூலை கத்தி மாதிரி, கோடு நட்டநடுவுல."

"கரண்ட் பில் ஏறுதுன்னு கேட்டப்ப ஒட்டற மெஷின்னு சொன்னியே?"

"அதுவும் ஓடுச்சுல்ல?"

தீர்த்தகிரி கிழிந்த தாளைக் கையில் எடுத்தான். வீட்டில் மிச்சமிருந்த ஒரே அசல் சீல். அதையும் அவன் கையாலேயே, அவன் கட்டராலேயே கிழித்தாயிற்று. செத்த வீட்டில்கூட அவன் இப்படி உட்கார்ந்ததில்லை.

"குழுவுல எப்படி மூஞ்சியக் காட்டுவேன்?"

"எப்பவும் போல படம் புடிச்சுப் போடுங்க. நேர்ல தடவிப் பாத்த உங்களுக்கே தெரியல, போன்ல பாக்கறவங்களுக்கா தெரியப் போவுது?" என்றாள் அனிதா. அவன் முகத்தைப் பார்த்து அவளுக்கே மனசு இளகிவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கால்பந்துல நான் கப்பு ஜெயிச்ச அன்னைக்கு உங்ககிட்டச் சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு தெரியுமா? சொன்னா ஒப்பாரி வெப்பீங்களேன்னு முழுங்கிட்டேன்."

பீரோக் கதவில் தொங்கிய சாவியை அவனைக் கேட்காமலேயே எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். மெஷினின் பூப்போட்ட உறையை உருவினாள். பேய் பங்களாவை உள்ளே போட்டாள். விளக்கை அணைத்தாள். வெங்கடம்மாள் முந்தானையால் முகத்தை முழுக்க மூடிக்கொண்டாள்.

"இந்தாங்க, நீங்க பிரிச்சது. நீங்களே மொதல்ல ஆடுங்க" என்று மெஷினோடு வந்த ஆடும் பிடியை அவன் கையில் திணித்தாள்.

தீர்த்தகிரி அதைப் புரட்டிப் பார்த்தான். எந்தப் பக்கம் மேலே என்று தெரியவில்லை. ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினான். டிவியில் ஒரு கதவு கிரீச்சென்று திறந்தது. வெள்ளையாக ஒன்று வந்தது. அவன் அலறிக்கொண்டு எல்லாப் பொத்தானையும் ஒன்றாக அழுத்தினான். திரை சிவந்தது. ஆட்டம் முடிந்தது.

வெங்கடம்மாள் முந்தானையை மெல்ல விலக்கி, டிவியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "இவ்ளோதானா பேயி? இது நம்ம சாருக்குத்தான் பேயி" என்று கையை நீட்டினாள்.

அனிதா பிடியை அவன் கையிலிருந்து வாங்கி அக்காவிடம் கொடுத்தாள். கிழிந்த தாளிலிருந்து சிவப்புப் பொட்டை உரித்து, அவன் சட்டைப் பாக்கெட்டின் நட்டநடுவில் அழுத்தி ஒட்டினாள்.